வறுமை எந்த வழியால் பிள்ளைக்குள் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். அடுப்படியிலோ வயலிலோ நின்று கேட்கிறவர்கள் வேலையை விடவேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள்.

முதலாம் ஆண்டில் பிள்ளைகள் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் வகுப்பில் ஒரு பிரிப்பு நடந்துவிடும். "இது கெட்டிக்காரப் பிள்ளை, அது மந்தம்." யாரும் எழுதி வைப்பதில்லை. முன்வாங்கும் பின்வாங்கும் தானாகப் பிரிந்துவிடும். பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நாட்கூலி, நுண்கடன், தாய் ஒருத்தியே உழைக்கிற குடும்பம் என்று பலது அப்படியிருக்கும். உடனே ஒரு பகுதி ஆட்கள் "பரம்பரை" என்பார்கள். மற்றப் பகுதி "தாய்க்குக் கவனமில்லை" என்று சொல்லும். இந்த இரண்டு தீர்ப்பிலும் எனக்கு உடன்பாடில்லை. வறுமை ஒரு பிள்ளையின் யோசிக்கிற திறனைத் தொடுவதற்குச் சில குறிப்பிட்ட வழிகள் இருக்கின்றன. வழி தெரிந்தால் சிலதை நாங்கள் மறிக்கலாம். சிலதைக் காசில்லாமல் மறிக்கவே ஏலாது. அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. 3 வயது முதல் 20 வயது வரையான 1,099 பேரின் மூளையை ஸ்கான் எடுத்து, மேற்பட்டை, அதாவது யோசிக்கிற வேலை நடக்கிற வெளிப்படையின் பரப்பைக் குடும்ப வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். வருமானம் கூடக்கூடப் பரப்பும் கூடியிருந்தது. ஆனால் கவனிக்கவேண்டிய விஷயம் வேறொன்று. ஆகக் குறைந்த வருமானக் குடும்பங்களில் சின்ன வருமான வித்தியாசத்துக்கே பெரிய வித்தியாசம் தெரிந்தது. வசதியான வீடுகளில் அதே தொகை பெரிதாக எதையும் காட்டவில்லை. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. என்றாலும் மாதத்தில் நாலு நாள் கூலி கூடக் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு வீட்டில் எதையெல்லாம் மாற்றும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

முதலாவது வழி சாப்பாடு. அதிலும் இரும்புச்சத்து. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்பு ஏறத்தாழ 6 மாதத்தில் முடிந்துவிடும். தாய்ப்பாலில் உள்ளது அதற்குப் பிறகு காணாது. மூளையில் செய்தி கடத்துகிற நரம்புகளுக்கு உறை போடுவதற்கு இரும்பு தேவை. முதல் இரண்டு வயதில் நீண்டகாலம் இரும்பு குறைந்திருந்த பிள்ளைகளுக்குப் பிறகு மருந்து கொடுத்து இரத்தம் சரிவந்தாலும், படிப்பில் பின்தங்கல் பலருக்குத் தொடர்ந்தது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் கொடுக்கிறது என்ன? கஞ்சித்தண்ணி, சோற்றில் பருப்புத்தண்ணி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற். வயிறு நிரம்பும், இரும்பு போகாது. தேத்தண்ணி இருக்கிற கொஞ்ச இரும்பையும் உறிஞ்சவிடாது.

6 மாதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைக் கோப்பைக்கு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். 9 மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம். ஒரு வயது தாண்ட, ஒரு நேரத்துக்கு முக்கால் கோப்பைக்குக் குறையாமல். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத தடிப்பு வேண்டும். அதற்குள் ஒரு முட்டை, இல்லாவிட்டால் நெத்தலியைத் தலை, குடல் நீக்கி அவித்து மசித்தது. முருங்கையிலை போடுகிறபோது இறக்குமுன் நாலு துளி தேசிக்காய்ப்புளி விடுங்கள், இலையிலுள்ள இரும்பு உடம்பில் கூடச் சேரும். எடை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கொடுக்கிறார்கள். அது பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு போகிறது, அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்று. தாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. பசித்திருக்கிற மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் ஊட்ட யாரால் முடியும்? ஆனால் அதைக் குடும்பநல உத்தியோகத்தருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் "மா கொடுத்தும் எடை ஏறவில்லை" என்று கொப்பியில் பதிவாகும்.

ஒரு சின்ன விஷயம், மறக்கமுன். ஆனையிறவுப் பக்கத்திலிருந்து வருகிற கல்லுப்பை அப்படியே பாவிக்கிற வீடுகள் உண்டு. அதில் மூளை வளரத் தேவையான அயடீன் சேர்க்கப்பட்டிருக்காது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அயடீன் சேர்த்த உப்பு, மூடிபோட்ட போத்தலில், அடுப்புக்குத் தள்ளி. கறி இறக்குகிற நேரத்தில் போடுங்கள்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன்: பிள்ளையோடு விளையாட்டும் கதையும் குறைந்துபோவது. நான் அதிகம் கதைக்க விரும்புவது இதைப் பற்றித்தான்.

ஜமேய்க்கா என்ற தீவில், கிங்ஸ்ரன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், 9 மாதம் முதல் 24 மாதம் வரையான 129 பிள்ளைகளை எடுத்தார்கள். எல்லோரும் போசாக்கில்லாமல் வயதுக்கேற்ற உயரம் வளராத பிள்ளைகள். நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கிழமைக்கு ஒரு கிலோ பால்மா. இன்னொன்றுக்கு, கிழமைக்கொருதரம் ஒரு சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடுவார். மூன்றாவதுக்கு இரண்டும். நாலாவதுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருடம். வந்தவர்கள் வைத்தியர்களோ பட்டதாரிகளோ இல்லை, சாதாரண ஊர்ப் பெண்கள். கொண்டுவந்த விளையாட்டுப் பொருளும் கடையில் வாங்கியதில்லை. வீட்டில் கழிக்கிற பொருட்களால் செய்தது. ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த கிழமை அதை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைப்பார்கள். விளையாட வந்தாலும் அவர்களுடைய கண் தாயில்தான். பிள்ளையோடு எப்படிக் கதைப்பது, எப்போது பாராட்டுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுப்பதுதான் வேலை.

இரண்டு வருட முடிவில் பால்மாவும் உதவியிருந்தது, விளையாட்டும் உதவியிருந்தது. பிறகு பால்மாவின் பலன் மங்கிப்போனது. விளையாட்டின் பலன் நின்றது. இருபது வருடம் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூட உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காக வளர்ந்த அயல் பிள்ளைகளின் உழைப்பை எட்டிவிட்டார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம்! சாப்பாடு தேவையில்லை என்று இதை விளங்கிக்கொள்ளக்கூடாது. இரண்டும் வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுகிற எங்கள் ஊரில், விளையாட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் குறைவு.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நடந்தது, பெரும்பாலும், மாறிமாறிக் கதைப்பதுதான். பிள்ளை ஒன்று சொல்லும், நீங்கள் பதில் சொல்வீர்கள், பிள்ளை திரும்பச் சொல்லும். பூப்பந்து அடிக்கிற மாதிரி. 1995இல் அமெரிக்காவில் 42 குடும்பங்களை வைத்து, ஏழைப் பிள்ளைகள் 4 வயதுக்குள் 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. அதில் அரச உதவியில் வாழ்ந்த குடும்பங்கள் ஆறே ஆறு. பெரும்பாலும் பிள்ளையை நேரே பார்த்துச் சொன்ன பேச்சைத்தான் எண்ணினார்கள். அம்மம்மாவும் மாமியும் பக்கத்து வீட்டுப் பெட்டையும் ஒரே முற்றத்தில் கதைக்கிற எங்கள் வீடுகளை அந்தக் கணக்கால் அளக்க ஏலாது. ஆகவே 3 கோடியை விடுங்கள். 2018இல் வந்த ஆய்வு ஒன்று, 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில், எத்தனை சொல் கேட்டது என்பதைவிட எத்தனை தரம் பேச்சு மாறிமாறிப் போனது என்பதே மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு கூடப் பொருந்தியது என்று காட்டியது. வருமானத்தைக் கழித்துப் பார்த்தும் அப்படித்தான்.

வீட்டில் இதைச் செய்வது எப்படி? கைக்குழந்தை "ங்ங்" என்றால் நீங்களும் "ங்ங்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒரு வயதில் விரல் நீட்டுகிற இடத்தைப் பாருங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு வயதில் "மாடு" என்றால், "ஓம், வெள்ளை மாடு வைக்கோல் தின்னுது" என்று இரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். மூன்று வயதில் "ஏன்", "பிறகென்ன நடந்தது" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிழை நடக்கிறது இங்கேதான். நாங்கள் கேள்வியும் கேட்டு விடையையும் சொல்லிவிடுவோம். பதிலுக்கு இடம் விடுங்கள். இன்னொருதரம் சொல்கிறேன், பதிலுக்கு இடம் விடுங்கள். இதற்குத் தனி நேரம் தேவையில்லை. அரிசி கொழிக்கிறபோது, கிணற்றடியில் குளிக்க வார்க்கிறபோது, பொழுதுபட வலையைப் பிரித்து ஒழுங்குபடுத்துகிறபோது செய்யலாம். பனங்காய் வண்டில், சிரட்டை அடுக்கு, வெவ்வேறு அளவுப் போத்தல் மூடிகள் போதும். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, சின்ன மூடி கொடுக்காதீர்கள், தொண்டையில் இறுகும்.

சரி, இப்படிச் சொன்னால் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை பஸ் பிடிக்க விடியமுன் வெளிக்கிடுகிற தாய், "நான் எப்போது கதைப்பது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கடன்காரர் வருகிற நாளில் எந்தத் தாயாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க முடியாது. காசு நேரே கொடுத்தால் தீருமா என்று அமெரிக்காவில் 1,000 ஏழைத் தாய்மாருக்கு, சிலருக்கு மாதம் 333 டொலர், மற்றவர்களுக்கு 20 டொலர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வருடத்தில் மூளை அலைகளில் வித்தியாசம் தெரிந்தது போலிருந்தது, 4 வயதில் சோதித்தபோது தெளிவான வித்தியாசம் இல்லை. அதைக்கொண்டு காசு தேவையில்லை என்று முடிவெடுக்கிறவர்களோடு நான் வாதாடத் தயார், இன்றைக்கு நேரமில்லை. பகலில் பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மா, அப்பம்மாவுக்கு நான் மேலே சொன்னதைச் சொல்லிக்கொடுங்கள். பகல் முழுக்கப் பிள்ளை அவர்களுடைய கையில்தான்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். முன்பள்ளியைப் பற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்தேன், போய்விட்டது. இரண்டே இரண்டு விஷயம். மூன்று வயதில் பென்சில் பிடித்து எழுதவில்லை என்று ஆசிரியரோடு சண்டை பிடிக்காதீர்கள், கதை சொல்லுகிறாரா, விளையாட விடுகிறாரா என்று பாருங்கள். அடுத்தது காது. சீழ் வடிகிற காதுக்கு எண்ணெய் விட்டுப் பஞ்சு அடைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைதான் வகுப்பில் "மந்தம்" என்று பெயர் வாங்குகிறது. சீழ் கண்டால், அல்லது பின்னால் நின்று மெல்லக் கூப்பிடத் திரும்பாவிட்டால், ஆஸ்பத்திரியில் காட்டிக் கேள்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வணக்கம்.