செரண்டிப்பிட்டி சேரன் தீவிலிருந்து வந்ததா? ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாக விடவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "ஆங்கிலத்தில் செரண்டிப்பிட்டி என்று ஒரு சொல் இருக்கிறது. எதிர்பாராமல் நல்லது கிடைப்பது என்று பொருள் சொல்கிறார்கள். அது இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்பிலிருந்து வந்தது, செரண்டிப் என்பது சேரன் தீவு, ஆகவே அது தமிழ்ச் சொல் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரிதானா ஐயா?"

எனக்கும் வந்தது. மூன்று குழுக்களில் வந்தது.

செரண்டிப் என்பது இலங்கை, அது சரி. சேரன் தீவுதான் இடிக்கிறது. ஆங்கிலத்தின் கேட்டமரான் நம் கட்டுமரத்திலிருந்து போனது பற்றிப் பேசியபோது சொன்னேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்கிறேன்: காது சொல்வதை மட்டும் வைத்துச் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதக் கூடாது. கட்டுமரத்துக்கு ஓசையும் இருந்தது, பொருளும் இருந்தது, கயிற்றால் கட்டிய மரம் கரையிலேயே கிடந்தது. சேரன் தீவுக்கு இருப்பது ஓசை மட்டும்தான்.

ஏட்டில் என்ன இருக்கிறது? 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ், பேரரசர் ஜூலியனுக்குத் தூது அனுப்பிய தொலைதூர மக்களில் 'செரண்டிவி' என்பவர்களைக் குறிப்பிடுகிறார். 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் அதே தீவை 'சியெலெதிபா' என்று எழுதுகிறார். ஒன்றில் ரகரம், மற்றதில் லகரம். இரண்டுக்கும் பொதுவாகப் பின்னால் நிற்பது வடமொழியின் சிம்ஹளத்வீபம், பாலியின் சீஹளதீபம். அரபு மாலுமிகள் வாயில் அது சரந்தீப் ஆனது. லகரம் எப்படி ரகரம் ஆகும் என்று கேட்காதீர்கள். பந்தல் பந்தர் ஆகவில்லையா? சாம்பல் சாம்பர், குடல் குடர்? பள்ளியில் கடைப்போலி என்று மனப்பாடம் செய்தோமே, அது நடப்பது சொல்லின் கடைசியில்தான், ஆனாலும் நாக்கு ஒரே நாக்குதான்.

இன்னொன்று. சிலப்பதிகாரத்தை எழுதியவரைச் சேரன் செங்குட்டுவனின் தம்பி என்று மரபு சொல்கிறது. அந்தக் காப்பியம் கண்ணகி வழிபாட்டோடு சேர்த்துச் சொல்லும் அரசனை எப்படி அழைக்கிறது? 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' என்று. அண்ணன் குலத்தின் பெயரில் ஒரு தீவே இருந்திருந்தால் தம்பி சொல்லாமல் விட்டிருப்பாரா?

சரி, உங்கள் கேள்வி முடிந்தது. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு தீவின் பெயர் எப்படி அதிர்ஷ்டத்தின் பெயரானது?

ஆக்கியவர் ஹோரஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படுகிற ராபர்ட் வால்போலின் மகன். 1754 ஜனவரி 28 அன்று, பிளாரன்ஸில் இருந்த நண்பர் ஹோரஸ் மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேன் அவருக்கு பியாங்கா கபெல்லோ என்ற பெண்மணியின் ஓவியத்தை அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தின் சின்னம் பற்றிய ஒரு விவரம் பழைய வெனிஸ் புத்தகத்தில் வால்போல் கையில் அகப்பட்டது. அந்த மகிழ்ச்சியில், 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்ற அசட்டுக் கதையை எப்போதோ படித்தேன், அதை வைத்து இந்தச் சொல்லை ஆக்கினேன் என்கிறார். அந்த இளவரசர்கள் தாங்கள் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்களாம்.

கவனியுங்கள், தற்செயலும் மதிநுட்பமும். இரண்டும் வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது வெறும் தற்செயல், அது செரண்டிப்பிட்டி அல்ல. தேடிப்போன மூலிகை காலில் சிக்கியதும் அல்ல, ஏனென்றால் தேடித்தானே போனோம். தேடாதது எதிரே வர வேண்டும், வந்ததை இன்னதென்று அறியும் கண்ணும் இருக்க வேண்டும். வால்போல் கொடுத்த கபெல்லோ உதாரணமே இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். வேண்டியது வேண்டிய நேரத்தில் தனக்குக் கிடைத்துவிடும் என்றல்லவா அவர் அதே கடிதத்தில் பெருமைப்படுகிறார்!

மேனுக்கு எழுதிய கடிதங்கள் அச்சாகி வந்தது 1833-இல். அதன் பிறகும் நெடுங்காலம் பழம்புத்தகப் பிரியர்கள் சிலர் மட்டும் தங்களுக்குள் புழங்கிய சொல் அது. 20-ஆம் நூற்றாண்டில் வால்டர் கேனன் போன்ற விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை மதிநுட்பம் கூடவே இருந்தது. பிறகு கடைப்பெயர், ஹோட்டல் பெயர் என்று வெளியே வந்தபோது மதிநுட்பம் உதிர்ந்து, அதிர்ஷ்டம் மட்டும் தங்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான்.

அந்த இளவரசர்கள் என்னதான் செய்தார்கள்? வழியில் ஒரு தடத்தைப் பார்த்து, காணாமல் போன ஒட்டகத்தின் அடையாளங்களைச் சொன்னார்கள். ஒரு நிமிடம், இந்தக் கதை உங்களுக்குத் தெரியும்! எங்கள் ஆச்சி புளி ஆய்ந்துகொண்டே இதைச் சொல்வாள். அரிவாள்மனையில் உட்கார்ந்து, எடுத்த கொட்டைகளில் நான்கை முற்றத்து மண்ணில் வைப்பாள். மூன்றைக் கட்டைவிரலால் அழுத்துவாள், நான்காவதைச் சும்மா வைப்பாள். "பார், மூணு காலு பதிஞ்சிருக்கு, ஒண்ணு பதியலை. என்ன ஒட்டகம்?" "நொண்டி ஒட்டகம்!" பாதையின் இடப்பக்கத்துத் தழை மட்டும் கடித்திருந்தால் வலது கண் குருடு. புளி தீர்ந்தால் கதையும் நின்றுவிடும், மிச்சம் மறுநாள்.

இது அலகேச கதை என்றும் நான்கு மந்திரி கதை என்றும் தமிழில் வழங்குவது. சென்னைப் பண்டிதர் நடேச சாஸ்திரி இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1889-இல் கிளவுஸ்டன் வெளியிட்ட கீழைக் கதைத் தொகுதியில் அது இருக்கிறது. வால்போல் படித்த கதைக்கு மூலமான இத்தாலிய நூல் 1557-இல் வெனிஸில் அச்சானது, அதற்கும் முன்பு 1302-வாக்கில் டெல்லியில் அமீர் குஸ்ரோ பாரசீகக் கவிதையாக எழுதியிருந்தார். யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதிலும் ஒற்றைக் கண் ஒட்டகம் ஒன்று ஒரு பக்கம் திராட்சை மதுவும் மறுபக்கம் எண்ணெயும் சுமந்து நடக்கிறது. ஆகவே கதையும் எங்களுடையது என்று அடுத்த வாட்ஸ்அப்பைத் தயார் செய்துவிடாதீர்கள். ஆனால் செரண்டிப்பிட்டிக்கும் தமிழுக்கும் உறவு தேடினால், சேரனை விட்டுவிட்டு இந்த ஒட்டகத்தின் பின்னால் போங்கள். இங்கே தடம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதையில் ஒட்டகத்துக்கு எந்தக் கண் குருடு என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் ஆச்சிக்கு வலது கண். வால்போலின் கடிதத்திலும் வலது கண்தான், ஆனால் அவர் நினைவில் ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது.