அழுத்தியது யார் விரல்?

நடுவர் அவர்களே, "இணையத்தில் நாம் கெட்டுப்போகக் காரணம் கம்பெனிகளின் தந்திரமா, நம் விரலா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிடம் கம்பெனிக்காரர்களைத் திட்டித் தீர்த்தார். நானும் கைதட்டினேன், ஏனென்றால் பாதி உண்மைதான். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அவரது அணித் தம்பி மேசைக்கடியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார், அந்த மரியாதை இருந்தது.

விளம்பரம் போட்டு மயக்குகிறார்கள் என்றார். சரி. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற தளத்தில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் பேனர் விளம்பரம், அதாவது பக்கத்தில் பட்டையாகத் தெரிகிற விளம்பரம், வந்தது, இணையத்தின் முதல் பேனர்களில் அது ஒன்று. பார்த்தவர்களில் 100க்கு 44 பேர் அதை அழுத்தினார்களாம்! இன்று அந்த மாதிரி பேனரை 100க்கு ஒருவர்கூட அழுத்துவதில்லை, நம் கண் அந்தப் பக்கமே போவதில்லை. இதற்கு யாராவது சட்டம் போட்டார்களா, வகுப்பு எடுத்தார்களா? வேண்டாம் என்று தோன்றியது, விட்டுவிட்டோம். ஆக, சும்மா இருக்கத் தெரியாத விரல் இல்லை இது.

அமேசான் கதையையும் எடுத்தார்கள். பிரைம் சந்தாவை நிறுத்தப் போனால் 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வு என்று அலைய விட்டார்கள் என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. அந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனிக்குள்ளேயே 'இலியட்' என்று பேர். பத்து வருஷப் போரைப் பாடுகிற கிரேக்கக் காவியத்தின் பேர், குசும்பைப் பாருங்கள்! இதற்கு என்னிடம் பதில் இல்லை, இந்த ஒன்றை எதிரணிக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் டிக்டாக்குக்குப் பதில் சொல்லட்டும். 2020 ஜூன் 29 அன்று அரசாங்கமே அதைத் தடை செய்தது. கடைக்குச் சீல் வைத்தாயிற்று, தந்திரக்காரனும் போய்விட்டான். நாம் அன்றைக்கே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினோமா? பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் திறந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, மொத்தக் கூட்டமும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது பொய்ச் செய்தி. 'எல்லாம் ரோபோ கணக்குகள், ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற கணக்குகள், பரப்புவது' என்றார் தம்பி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகிற வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்டுவதற்குப் பொய்யைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் உண்மைக்குப் பிடித்தது. ரோபோ கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதே கதைதான், பரப்பியது மனுஷன். 2020இல் ட்விட்டர் ஒரு சின்ன வேலை செய்தது. கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போகிறவரிடம் 'படித்துவிட்டுப் பகிரலாமே' என்று கேட்டது, தடுக்கவெல்லாம் இல்லை. அந்தக் கேள்வியைப் பார்த்தபின் கட்டுரையைத் திறந்தவர்கள் 40 சதவீதம் கூடினார்கள். 'பார்த்தீர்களா, கம்பெனி நினைத்தால் முடிகிறதே' என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். படிக்கிற புத்தியைக் கம்பெனி கொண்டுவந்து வைத்ததா என்ன, நம்மிடம் கிடந்ததைத்தானே தட்டி எழுப்பியது?

கடைசியாக வாட்ஸ்அப். 2014இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தபோது 45 கோடிப் பேர் பயன்படுத்திய அந்தச் செயலியில் வேலை பார்த்தவர்கள் வெறும் 55 பேர். காலையில் ரோஜாப்பூ படத்தோடு குட் மார்னிங் அனுப்பி நம் ஃபோனை ரொப்பியது அந்த 55 பேரா?

சிரித்தோம், சரி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் நின்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அந்த நாட்களில் ஃபோன் ஃபோனாகச் சுற்றிய வதந்தி அது. அப்போது வாட்ஸ்அப்பில் விளம்பரம் கிடையாது, எதை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கிற அல்காரிதமும் கிடையாது. ஒருவர் தட்டினால்தான் இன்னொருவருக்குப் போகும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு விரல், அந்த விரலுக்குப் பின்னால் நம்மைப் போல ஒரு நல்ல மனுஷன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வதந்தி ஆடியோவாக வந்தது, நடுவர் அவர்களே. போட்டது என் சொந்தச் சித்தி, எறும்பைக்கூட மிதிக்காதவர். ஏன் சித்தி, உண்மையா என்று பார்க்காமலா அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு, 'பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது, எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்' என்றார். இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' எந்தக் கம்பெனி எழுதிய புரோகிராம் என்று எதிரணித் தலைவர் வந்து சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், உட்காருகிறேன்.