லேபிளில் இருக்கும் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ரேடியோவோடு வளர்ந்தவர்களுக்கு ஜெர்மனியின் போனி எம் குழு பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' தெரியாமல் இருக்காது. 1978இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. அங்கே மட்டும் 20 லட்சம் இசைத்தட்டுகளுக்கு மேல் விற்றது. ஜெர்மனியில் பிறந்த பாட்டு என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 1970இலேயே ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு, அந்நாட்டில் பிறந்த ரெக்கே என்ற இசைவகையில் பாடிய பாட்டு அது. ஆக்கியவர்கள் பிரெண்ட் டவ், ட்ரெவர் மெக்நாட்டன்.

போனி எம்மின் இசைத்தட்டு முதலில் வந்தபோது லேபிளில் இந்த இருவர் பெயரும் இல்லை. தயாரிப்பாளர் பெயரும் இன்னொருவர் பெயரும்தான் இருந்தன. ஓர் உடன்பாட்டுக்குப் பிறகே இவர்கள் பெயர் சேர்ந்தது. வரிகள் பைபிளில் 'சங்கீதம்' என்ற துதிப்பாடல் தொகுப்பில் உள்ளவைதானே என்று கேட்கலாம். சங்கீதம் எல்லோருக்கும் பொது, சரி. அதற்கு இவர்கள் போட்ட மெட்டும், ராஸ்தாஃபாரி என்ற ஜமைக்கச் சமய இயக்கத்தாரின் சொற்களைக் கலந்து அதை வார்த்த விதமும் பொது இல்லை.

என் வேலையே இந்தப் பெயர்களைக் காப்பதுதான். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், பாடல்களின் உரிமையைக் கவனிக்கும் ஒரு சின்னப் பதிப்பாளரால் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆபீஸ் போட முடியாது. அதனால் அந்தந்த நாட்டில் என்னைப் போன்ற ஒரு துணைப் பதிப்பாளரிடம் பாடல்களை ஒப்படைக்கிறார். நாங்கள் உள்ளூர் ராயல்டி சங்கத்தில் பாடலைப் பதிவு செய்து, பணத்தை வசூலித்து, எங்கள் பங்கு போக மீதியை அனுப்புகிறோம்.

கேட்க எளிது. ஒரு டிவி நிகழ்ச்சியில் ஒரு பாட்டு 20 விநாடி ஒலிக்கிறது என்று வையுங்கள். சேனல் அனுப்பும் தாளில் பாட்டின் பெயர், ஆக்கியவர், பதிப்பாளர், எத்தனை விநாடி என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதில் 'பர்னிங் ஸ்பியர்' என்று ஒரு ரெக்கே பாடகரின் மேடைப் பெயர் எழுதியிருக்கும், சங்கத்தின் பதிவேட்டிலோ அவர் வின்ஸ்டன் ராட்னி. இரண்டும் ஒருவர்தான் என்று யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் காசு உரியவருக்குப் போகாது. என் பாதி நாள் இதில்தான் கழிகிறது. சலித்துக்கொண்டதில்லை.

ரெக்கேவில் இன்னொரு சிக்கல் 'ரிதிம்'. ஒரே பின்னணி இசைமேல் பலர் தனித்தனிப் பாட்டுகள் பாடுவார்கள். 1985இல் ஒரு கேசியோ கீபோர்டின் தாளத்திலிருந்து வந்த 'ஸ்லெங் டெங்' ரிதிமில் எத்தனையோ பாட்டுகள் உண்டு. இசையமைத்தவருக்கு எவ்வளவு, பாட்டு எழுதியவருக்கு எவ்வளவு? எல்லாப் பங்கும் சேர்ந்து 100 சதவீதம்தான் வர வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கு 60 கேட்டால் சங்கம் பணத்தை நிறுத்தி வைத்துவிடும். ஸ்டூடியோவில் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தச் சண்டை வராது.

சுதந்திரம் பெற்ற பிறகும் ஜமைக்காவில் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது. இசையமைப்பாளர்களுக்கென்று ஜகாப் என்ற சொந்தச் சங்கம் 1998இல். அதற்குள் ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெக்கே என்ற ஜமைக்க இசைவகைகள் எல்லாம் உலகைச் சுற்றி வந்துவிட்டன. இன்றைக்கு அங்கே உரிமை, ஆக்கியவர் இறந்து 95 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

இந்த உரை முடிந்ததும் மெலோடியன்ஸ் பாடிய அந்த மூலப் பதிவை ஒலிபரப்பப் போகிறார்கள். நிலையத்தின் பதிவேட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஸ்டூடியோவுக்குள் வரும்போதே கேட்டுப் பார்த்தேன். டவ், மெக்நாட்டன். இரண்டும் இருக்கின்றன. கேளுங்கள்.