பனை வைத்தவர்களுக்கும் ஒரு மாலை

தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கேட்டவுடன் மண்டபத்தைத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

லேசரைச் செய்து காட்டியவர்களை உலகம் கொண்டாடுகிறது. அதற்கு முன்னால் அதைக் காகிதத்தில் கணக்காகப் போட்டவர்களில் மூன்று பேரைப் பற்றிப் பேச வந்தேன். ஐன்ஸ்டீன், ஜெர்மனியில் பிறந்த இயற்பியலாளர் குரோமர், சோவியத் இயற்பியலாளர் கசாரினோவ். எங்கள் பாட்டி சொல்லும், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்று. ஐன்ஸ்டீன் பார்க்கக்கூட இல்லை. ஆற்றல் ஏறிய அணுமேல் ஒளி பட்டால் அது அதே மாதிரி இன்னும் ஒளி விடும் என்ற, லேசருக்கு அடிப்படையான தூண்டப்பட்ட ஒளி உமிழ்வை 1917-ல் எழுதினார், 1955-ல் காலமானார், முதல் லேசர் ஒளிர்ந்தது 1960-ல்.

குரோமர் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1963, கலிஃபோர்னியா. அப்போது குறைகடத்தி லேசரை, அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருளில் செய்த லேசரை, கடுமையாகக் குளிர்வித்து, விட்டு விட்டுத்தான் எரிய வைக்க முடியும். அறை வெப்பத்தில் இது தொடர்ந்து எரியவே எரியாது என்பது நிபுணர்களின் முடிவு. உடன் வேலை பார்த்த ஒருவர் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னதும் குரோமர் அங்கேயே மறுத்தார். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் வரப்பு கட்டுவது மாதிரி, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு, இருபுறமும் வேறு பொருளில் அடுக்கு, எலக்ட்ரான் வெளியே ஓடாது, நடுவிலேயே நின்று ஒளி விடும், அவ்வளவுதானே என்றார். கட்டுரையாக எழுதி அனுப்பினார், திருப்பி விட்டார்கள். வேறொரு இதழில் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, நானே செய்து பார்க்கிறேன் என்று வேலை பார்த்த நிறுவனத்தில் கேட்டால், இதனால் ஒரு பயனும் இருக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்! 1970-ல் சோவியத் நாட்டின் லெனின்கிராடில் அல்ஃபெரோவ் என்ற இயற்பியலாளரின் குழு அதே வழியில், அறை வெப்பத்திலேயே, தொடர்ந்து எரிய வைத்தது. குறுந்தகடும் கண்ணாடி இழை வழி வரும் இணையமும் அதன் பிள்ளைகள். குரோமருக்கும் அல்ஃபெரோவுக்கும் நோபல் வந்தது 2000-ல். குரோமர் பனை வைத்துப் பார்த்துவிட்டார்.

கசாரினோவைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இதை மட்டும் கேளுங்கள். 1963-ல் குரோமர் சொன்ன இதே அடுக்கு யோசனைக்கு அல்ஃபெரோவோடு சேர்ந்து காப்புரிமை கேட்டவர் அவர். 1971-ல் சூரிஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, எலக்ட்ரான் படிப்படியாக இறங்கி ஒளி விடும் இன்னொரு வகை லேசருக்கும் வழி எழுதினார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அது எரிந்தது 1994-ல். 23 வருடம்! நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

அப்புறம் நம்ம ஊர் விஷயம். இங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலை மூடப் போவதாகப் பேச்சு. காரணம் கேட்டால், இதைப் படித்து என்ன பயன் என்கிறார்கள். குரோமரிடம் சொன்ன அதே வார்த்தை. பனங்கொட்டையைத் தோண்டி எடுத்து எங்கே காய் என்று கேட்கலாமா? வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.