தங்கத்தோடு தலைமறைவான பொறியாளர்: டாமி தாம்சன் சிறையில் இருந்தது எதற்காக?

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "கடலடியில் கிடந்த புதையல் கப்பலைத் தாமே உருவாக்கிய இயந்திரத்தைக் கொண்டு கண்டெடுத்த அமெரிக்கப் பொறியாளர் டாமி தாம்சன், பிற்காலத்தில் திடீரென்று காணாமல் போனார்; பிடிபட்ட பிறகு பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். அப்படியானால் அவர் தங்கத்தைத் திருடியது உறுதியாகிவிட்டது என்றுதானே பொருள்? கொள்ளையர் புதையலைத் தேடிப் போனவர் தாமே கொள்ளையர் ஆகிவிட்டார் என்று சொல்லலாமா?"

சொல்ல முடியாது. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். தாம்சன் மீது திருட்டுக் குற்ற வழக்கு எதுவும் நடக்கவில்லை. அவர் சிறையில் கழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி, நீதிமன்றம் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்லாததற்காகக் கழிந்தது.

கொள்ளையர் புதையல் என்பதையும் முதலிலேயே தள்ளிவிடலாம். எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா என்பது பயணிகளையும் அஞ்சலையும் கலிஃபோர்னியாச் சுரங்கத் தங்கத்தையும் பனாமாவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டு சென்ற நீராவிக் கப்பல். 1857 செப்டம்பர் 12 அன்று கரோலினா கடற்கரைக்கு அப்பால் சூறாவளியில் சிக்கி மூழ்கியது. சுமார் 425 பேர் இறந்தார்கள். அந்தத் தங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த நியூயார்க் வங்கிகள் ஆட்டம் கண்டதும், அந்த ஆண்டின் நிதி நெருக்கடி முற்றியதற்கு ஒரு காரணம். கப்பலை வழிமறித்தவர் எவரும் இல்லை. அதில் இருந்த ஒவ்வொரு தங்கப் பாளத்துக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். பின்னால் வந்த எல்லா வழக்குகளுக்கும் வேர் அதுதான்.

ஒஹையோவைச் சேர்ந்த தாம்சன், கொலம்பஸ் நகரிலுள்ள பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கடற்பொறியாளர். 161 முதலீட்டாளர்களிடமிருந்து சுமார் 1.27 கோடி டாலர் திரட்டினார். உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள், காற்றின் திசை, கடல் நீரோட்டம் ஆகியவற்றை வைத்துக் கப்பல் எங்கே கிடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கட்டம் கட்டமாகக் கணக்கிட்ட நிகழ்தகவு வரைபடம் ஒன்றை லாரன்ஸ் ஸ்டோன் என்ற கணித வல்லுநர் உருவாக்கித் தந்தார். சுமார் 1,400 சதுர மைல் பரப்பை ஒலியலைக் கருவியால் துழாவி, 1988இல் கப்பலை அடையாளம் கண்டார்கள். ஆழம் சுமார் 2,200 மீட்டர். மூழ்காளர் எவரும் எட்ட முடியாத அந்த ஆழத்தில் வேலை செய்வதற்காக, மேலே கப்பலில் அமர்ந்தபடியே இயக்கக்கூடிய 'நீமோ' என்ற இயந்திரத்தை அவருடைய குழு கட்டியிருந்தது. அதுவரை வெளிவந்த ஆழ்கடல் கருவிகள் பார்க்கவும் படம் எடுக்கவுமே பெரும்பாலும் பயன்பட்டன. நீமோவோ நாணயக் குவியலின் மேல் சிலிக்கோனை ஊற்றி இறுகவைத்து, ஒரு நாணயத்தின் மீதும் கீறல் விழாமல் குவியலை அப்படியே மேலே கொண்டுவந்தது. கண்டுபிடிப்பாளர் என்ற பெயருக்கு அவர் முழுத் தகுதி உடையவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தங்கம் கரைக்கு வந்த உடனே, 1857இல் இழப்பீடு வழங்கிய காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றின் வாரிசு நிறுவனங்களும் பங்கு கேட்டு வந்தன. கைவிடப்பட்ட பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று 1990இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அதை மாற்றியது: காப்பீட்டாளர்கள் தங்கள் உரிமையை வெளிப்படையாகக் கைவிடவில்லை, ஆகவே தாம்சன் குழு உரிமையாளர் ஆகாது, மீட்புப் பணிக்கான ஊதியம் பெறத் தக்கவர்கள் மட்டுமே ஆவார்கள் என்றது. கடைசியில் அந்த ஊதியமே தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டிய பங்காக நிர்ணயிக்கப்பட்டது. கேட்பதற்குப் பெரிய வெற்றிதான், ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன, கடன் ஏறிவிட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் 532 தங்கப் பாளங்களும் ஆயிரக்கணக்கான நாணயங்களும் சுமார் 5 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. வங்கிக் கடனுக்கும் வழக்குச் செலவுக்குமே பெரும்பகுதி போய்விட்டது என்பது தாம்சனின் விளக்கம். முதலீட்டாளர்கள் கைக்கு எதுவும் வரவில்லை. 2005இல் அவர்களில் சிலரும், அடுத்த ஆண்டில் அவரோடு பணியாற்றிய தொழில்நுட்பக் குழுவினரும் வழக்குத் தொடுத்தார்கள்.

அந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றுதான்: 500 தங்க நாணயங்கள் எங்கே? இவை 1857ஆம் ஆண்டின் பழைய நாணயங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கப்பலிலிருந்து எடுத்த தங்கத்தை உருக்கிப் பிற்காலத்தில் அச்சிட்ட நினைவு நாணயங்கள் அவை. மீட்கப்பட்ட மொத்தத் தங்கத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பகுதி. 2012 ஆகஸ்டில் கொலம்பஸ் நீதிமன்றத்தில் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டிய நாளில் தாம்சன் வரவில்லை. பிடியாணை பிறந்தது. ஃபுளோரிடாவின் வீரோ பீச்சில் அவர் வாடகைக்கு இருந்த மாளிகை காலியாகக் கிடந்தது. முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும் கைப்பேசிகளும், வங்கிகள் நோட்டுக் கட்டுகளைச் சுற்றும் காகித நாடாக்களும் அங்கே கிடந்தன. 2015 ஜனவரியில், அதே மாநிலத்தில் போகா ராட்டன் அருகே ஒரு விடுதியில், உதவியாளரோடு பிடிபட்டார். விடுதிக்கு ரொக்கமாகவே பணம் கட்டி வந்திருக்கிறார். இடைப்பட்ட காலத்தில், நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் மேற்பார்வையில் அதே கப்பலிலிருந்து 2014இல் 15,500க்கும் மேற்பட்ட நாணயங்களும் 45 பாளங்களும் எடுக்கப்பட்டன என்பது கவனிக்க வேண்டிய செய்தி. புதையல் முழுவதையும் அவர் சுருட்டிக்கொண்டு போனார் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

இனி நேயர் கேட்ட சிறை. இரண்டு வேறு நீதிமன்ற அவமதிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு வராமல் ஓடி ஒளிந்தது குற்றவியல் அவமதிப்பு. 2015 ஏப்ரலில் அவர் அதை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக அரசுத் தரப்போடு செய்துகொண்ட உடன்பாட்டிலேயே, நாணயங்களைப் பற்றி உறுதிமொழியின் கீழ் பதில் சொல்வதாகவும் வாக்களித்திருந்தார். பெலீஸ் நாட்டிலுள்ள ஒரு டிரஸ்டிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாரே தவிர, அதற்கு மேல் விவரம் தரவில்லை. நோயினால் நினைவு மங்கிவிட்டது என்றார். நீதிமன்றம் அதை நம்பவில்லை. 2015 டிசம்பரில் உரிமையியல் அவமதிப்பின் கீழ் அவரைக் காவலில் வைத்து, நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதமும் விதித்தது. இந்த இரண்டாவது காவலுக்குக் கால வரம்பு கிடையாது. விடை சொன்னால் கதவு திறக்கும் என்பதுதான் அதன் ஏற்பாடு. அது நடந்த செயலுக்கான தண்டனை ஆகாது, பணிய வைப்பதற்கான அழுத்தம்.

சாட்சி சொல்ல மறுப்பவரை 18 மாதங்களுக்கு மேல் அடைத்து வைக்கக்கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதைக் காட்டி அவர் மேல்முறையீடு செய்தார். சாட்சி சொல்ல மறுத்ததோடு, தாம் கையெழுத்திட்ட உடன்பாட்டையும் மீறியிருக்கிறார் என்பதால் அந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2018இல் முதலீட்டாளர் வழக்கில் ஜூரி குழு 1.94 கோடி டாலர் நட்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அதுவும் உரிமையியல் தீர்ப்பே, குற்றத் தீர்ப்பு அன்று.

ஆகவே அவர் தலைமறைவான விதம் ஐயத்துக்கு இடம் தருகிறது என்று நேயர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ரொக்கமும் மாற்றுக் கைப்பேசிகளுமாக வாழ்ந்தவர் எதையோ மறைக்கவே முயன்றிருக்கிறார். ஆனால் ஐயம் வேறு, நிரூபணம் வேறு. 2025இன் தொடக்கத்தில், இனியும் அடைத்து வைப்பதால் விடை கிடைக்கும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை என்று கூறி நீதிபதி அந்தக் காவலை முடித்துவைத்தார். ஒன்பது ஆண்டுகளாக ஒத்திவைக்கப்பட்டிருந்த இரண்டு ஆண்டுத் தண்டனையை, அதாவது காணாமல் போனதற்கான தண்டனையை, அவர் அனுபவிக்கத் தொடங்கியதே அதன் பிறகுதான்.