கோபுரம் ஏறிய ஜெபவீடு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் உள்ள பிராவிடன்ஸ் நகரில், 1638இல் ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கியது அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபை. வயதுவந்து விசுவாசிப்பவர்களுக்கே ஞானஸ்நானம் தரும் கிறிஸ்தவப் பிரிவு அது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கென்று கட்டடம் இல்லை, வீடுகளில் கூடினார்கள். 1700இல் போதகர் பார்டன் டில்லிங்காஸ்ட் ஒரு ஜெபவீடு கட்டினார். 1726இல் இரண்டாவது வந்தது. இன்று நிற்பது மூன்றாவது. 1774இல் தொடங்கி, 1775 மே மாதம் அர்ப்பணிக்கப்பட்டது.

வரைந்தவர் வணிகர் ஜோசப் பிரவுன். தளம் நாற்புறமும் 80 அடிச் சதுரம். சுமார் 1,200 பேர் அமரலாம். பழைய ஜெபவீடுகளில் நீண்ட சுவரின் நடுவே வாசல், எதிரே பிரசங்க மேடை. சதுரத்தில் நீண்ட சுவரே கிடையாது. அதனால் மேற்கே கோபுரமும் வாசலும், கிழக்கே மேடையும் அமைந்தன. 80 அடி அகலத்தை ஒரே வீச்சில் மரக்கூரையால் மூடுவது கடினம். உள்ளே நிற்கும் தூண்கள் மேலே இருக்கைகள் உள்ள மாடத்தையும் தாங்கி, மேற்கூரையின் வீச்சையும் குறைக்கின்றன. அழகுக்காக மட்டும் நிறுத்திய தூண்களல்ல அவை.

185 அடிக் கோபுரம்தான் உண்மையான திருப்பம். எளிமையைப் போற்றிய சபை, இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் ஆலயத்துக்கு உரிய வடிவத்தை எடுத்துக்கொண்டது! லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் வரைந்து, கட்டப்படாமல் போன ஒரு வடிவம் அது. 1728இல் அவர் வெளியிட்ட வரைபட நூலில் இருந்தது. 1774இல் பாஸ்டன் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் அரசு மூடியதால் வேலையிழந்த கப்பல் தச்சர்கள் இங்கே கிடைத்தார்கள். மூன்றரை நாளில் கோபுரத்தின் மரக் கூம்பை ஏற்றி முடித்தார்கள்.

இத்தகைய மரக் கூம்புகளில் மேலடுக்கின் கால்மரங்கள் கீழடுக்குக்குள் ஆழமாக இறங்கிப் பிணைந்திருக்க வேண்டும். மேலே வெறுமனே உட்கார வைத்தால் புயல்காற்று சாய்த்துவிடும். ஆனால் அந்த மரங்கள் உள்ளே இறங்கும் இடம்தான் மழைநீர் கசியும் இடமும். அங்கே மூடியிருக்கும் ஈயத் தகடு விரிசல் விட்டாலோ ஆணி தளர்ந்தாலோ நீர் மரத்தின் அடிக்குப் போய்ச் சேரும். வெளிப்பலகை நன்றாக இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். வெளியே வண்ணம் பூசுவது போதாது. ஏணி வைத்து உள்ளே ஏறி, ஒவ்வொரு கால்மரத்தின் அடியையும் கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும்.

உள்ளமைப்பு அப்படியே நிற்கவில்லை. பெட்டி போன்ற சதுர இருக்கைகளில் பாதிப்பேர் மேடைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்கள். 1832இல் அவற்றை எடுத்துவிட்டு நீள வரிசைகள் போட்டார்கள். அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அமர்த்தப்பட்ட மேல்மாடம், 1834இல் ஆர்கன் என்னும் பெரிய குழல் இசைக்கருவியை வைக்க இடம் வேண்டி அகற்றப்பட்டது. அவர்கள் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதை இன்று கட்டடத்தில் கண்ணால் காண முடியாது. கட்டட வரலாற்றைச் சொல்பவர்தான் சொல்ல வேண்டும்.