மாசம் ஆயிரமா, மருத்துவ அட்டையா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். பட்டாளத்துல நான் துப்பாக்கியைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடிச்சேன்; சம்பளக் கணக்கு எழுதின ஆளு. ரிட்டையராகி ஊருக்கு வந்தும் அந்தப் புத்தி போகல.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், நம்ம வாயில ஈ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல்ல வந்தது. ஒரே தடவைதான் பணம் கட்டணும். அவில்தார் வரைக்கும் 30,000, சுபேதார் வகையறாவுக்கு 67,000, ஆபீசருக்கு 1,20,000. 1996-க்கு முன்னாடி ரிட்டையர் ஆனவங்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. ஆனா அட்டை வாங்கினா, பென்ஷனோட வர்ற மாசம் 1,000 ரூபா மருத்துவப்படி நின்னுடும். கையை விட்டுப் போற அந்த ஆயிரத்தையும் செலவுல எழுதணும். நான் ஓயாம சொல்றது இதைத்தான்.

மொரப்பூர் பக்கம் ஒரு அவில்தார் மாமா. 1996-க்கு முந்தின ஆளு, கட்டணமே இல்லை. ஆனாலும் அட்டை வேண்டாம்னுட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு வெச்சிருப்பார். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பஸ் டிக்கெட்டுகூட ஊசி குத்தி ஒட்டியிருக்கும். "மாத்திரை போக முந்நூறு மிச்சம்டா மாப்ளே, பாலிகிளினிக் போய் வந்தா ஒரு நாள் போச்சு"ம்பார். அதுவும் பொய்யில்லை. பாலிகிளினிக்னா திட்டத்தோட சொந்த மருத்துவமனை; முதல்ல அங்கே போய், டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவசரம்னா மட்டும் நேரா போகலாம்.

ஒரு நாள் அத்தைக்கு நெஞ்சு வலி. சேலத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. பில்லு 1,80,000. மாமா நோட்டை எடுத்து வந்து என்கிட்ட நீட்டினார். வகுத்துக் காட்டினேன்: வருஷத்துக்கு 12,000, ஆக பதினஞ்சு வருஷத்துப் படி ஒரே ராத்திரியில போச்சு. மறுவாரமே அட்டைக்கு எழுதிப் போட்டார். நோட்டை மட்டும் விடல.

அதுக்காக எல்லாரும் மாமா மாதிரின்னு சொல்ல வரல. 2003 ஏப்ரலுக்கு அப்புறம் பென்ஷனோட ரிட்டையரானவங்களுக்குத் திட்டம் கட்டாயம், யோசிக்கவே வேலையில்லை. பழைய ஆளுங்கதான் உட்கார்ந்து கணக்குப் போடணும்.

மத்திய அரசு சிவிலியன் திட்டத்தோட ஒப்பிட்டுச் சொல்லலாம்னு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுறார். சுருக்கமா: அங்கே கீழ்நிலைக்கு மாசம் 250, ரிட்டையரானவங்க பத்து வருஷத்தை மொத்தமா கட்டினா ஆயுசுக்கும் செல்லும். பெருக்கிப் பாருங்க, அதே 30,000!

பென்ஷன் இல்லாம வந்தவங்களுக்குப் பெரும்பாலும் நம்ம அட்டை கிடைக்காது. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு இருக்கு, குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று, கூட ரேஷன் கார்டு… சரிப்பா, முடிச்சுட்டேன். வணக்கம்.